தகப்பன் பெயரும் தகப்பன் சொத்தும்

ஜீவனாம்ச வழக்கில் பிள்ளையின் பக்கம் நின்று வாதாடும் ஒவ்வொரு வக்கீலும் யூஹான் காஸ்ட்பர்க் என்ற பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நார்வேயின் பிரெவிக் துறைமுகத்தில் 1862இல் பிறந்து, சட்டம் படித்து, 1900ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனவர் அவர்.

அன்றைய நார்வேயில், மணமாகாத தாய்க்குப் பிறந்த பிள்ளை தகப்பனிடம் எதிர்பார்க்க முடிந்தது பராமரிப்புப் பணம் மட்டும்தான். அவன் பெயரிலும் பங்கில்லை, சொத்திலும் பங்கில்லை. காஸ்ட்பர்க்கின் மனைவியோடு உடன்பிறந்த காட்டி ஆங்கர் மோல்லர் இந்த அநியாயத்தை மேடைகளில் பேசினார். காஸ்ட்பர்க் அதையே மசோதாவாக எழுதினார். திருமணம் என்ற ஏற்பாடே குலைந்துவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் மணமான பெண்களும் இருந்தார்கள். சுமார் பதினைந்து வருடம் அவர் விடவில்லை.

1915 ஏப்ரல் 10 அன்று ஆறு சட்டங்கள் ஒன்றாக நிறைவேறின. அடுத்த ஜனவரியில் அமலுக்கு வந்தன. பிள்ளைக்குத் தகப்பனின் பெயர் கிடைத்தது, வாரிசுரிமையும் கிடைத்தது. இவற்றைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. தகப்பன் யார் என்று கண்டறிவதை அரசு தன் கடமையாக ஏற்றது. கைக்குழந்தையோடு வாய்தா வாய்தாவாக அலையும் பெண்ணைப் பார்த்த எவருக்கும் அதன் அருமை புரியும். குறையும் இருந்தது: தகப்பன் இவன்தான் என்று உறுதியாகாத இடத்தில் பராமரிப்புப் பணம் மட்டும் விதிக்கலாம், பெயரும் சொத்தும் கிடைக்காது.

இதற்கு முன்பே, 1908 முதல் 1910 வரை நீதி அமைச்சராக இருந்தபோது, அருவிகளின் நீர்மின் உரிமையைக் காத்தார். தனியார் நிறுவனம் உரிமம் பெற்று அருவியை வாங்கினாலும், குறித்த காலம் முடிந்ததும் இழப்பீடில்லாமல் அது அரசுக்குத் திரும்ப வேண்டும் என்றது 1909ஆம் ஆண்டுச் சட்டம். உச்ச நீதிமன்றம் 1918இல் 4க்கு 3 என்ற கணக்கில் அந்த விதியை ஏற்றது. நார்வேயின் நீர்மின் வளம் இன்றும் பெரும்பாலும் பொதுச் சொத்தாக இருப்பதற்கு இந்த விதி முக்கியக் காரணம்.

1926இல் காஸ்ட்பர்க் காலமானார். பேரன்ட்ஸ் கடலில் 2025இல் உற்பத்தி தொடங்கிய எண்ணெய் வயலுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வயல் இருக்கட்டும். குடும்பச் சட்டம் படிக்கும் பிள்ளைகளே, அந்த 1915ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தேடிப் படியுங்கள்.