மினுங்கும் நாடாவும் கொக்கின் கண்ணும்: கல்வராயன் அடிவாரத்தை முன்வைத்து ஒரு வாதம்

வெள்ளிமலையைச் சுற்றிய சரிவுகளில் சாமையும் தினையும் விளையும் கொல்லைகளுக்குக் கிளியும் குருவியும் காட்டுப்பன்றியுமே பகை. கொக்கும் நாரையும் அங்கே பெரிய தொல்லை இல்லை. கல்வராயன் மலையில் பிறக்கும் ஓடைகள் கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணையில் தேங்கி, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பாய்கிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. முளைகட்டிய விதை தெளித்த நாற்றங்காலில் கொக்குக் கூட்டம் இறங்கினால், முளை சேற்றுக்குள் மிதிபட்டுப் போகும். பண்ணைக்குட்டையில் மீன் விரலி விட்ட வாரத்தில் சாம்பல் நாரை கரையில் வந்து நின்றால், குட்டைக்காரருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

விரட்ட வலையும் வெடியும் உண்டு. தொய்வாகக் கட்டிய நைலான் வலையில் சிறகும் காலும் சிக்கிப் பறவை மெல்லச் சாகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இப்பறவைகள் இருப்பதால், கண்ணி வைத்துப் பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். எனவே உயிருக்கு ஊறு செய்யாத வழியாகக் காட்சி விரட்டிகள் பரிந்துரைக்கப்படுகின்றன: மினுங்கும் நாடா, கயிற்றில் தொங்கும் பழைய குறுந்தகடு, வைக்கோல் பொம்மை, பருந்து வடிவப் பட்டம். இவற்றை ஆண்டு முழுவதும் நிற்கும் வேலியாக எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். பயிரும் மீனும் நலிந்திருக்கும் சில நாள்களைக் கடத்தும் கருவியாக எண்ணினால் பயன் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரணும் பொம்மையும்

மலைச்சரிவில் பறவை ஓட்டுவது தமிழ் நிலத்தில் பழந்தொழில். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தினைப்புனம் காக்கும் பெண்களின் கையில் தட்டை, தழல், குளிர் ஆகிய கருவிகளைக் காட்டுகிறது. அவை பெரும்பாலும் ஒலி எழுப்புபவை. ஆனால் அந்தக் காவலின் வலிமை கருவியில் மட்டும் இல்லை. பரண்மேல் இருப்பவள் எப்போது எழுவாள், எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது பறவைக்குத் தெரியாது. பிற்காலத்தில் பரணுக்குப் பதிலாக நட்ட பொம்மையில் ஆளின் உருவம் இருக்கிறது. ஆளின் கணிக்க முடியாத தன்மை இல்லை. காட்சி விரட்டிகள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கொக்கின் கண் எளிதில் ஏமாறுவதில்லை. நீருக்குள் இருக்கும் மீன், ஒளிவிலகலால் இருக்கும் இடத்தில் தெரியாது. காட்சிரும் இன்ட்ரேட்டரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், கடற்கரைக் கொக்கு இந்தப் பிழையைத் திருத்திக்கொண்டு மீனைக் குத்துவது விளக்கப்பட்டது. கிரகாம் மார்ட்டினும் காட்சிரும் 1994-இல் கொக்கினங்களின் பார்வைப் புலத்தை அளந்தபோது, அலகுக்குக் கீழே கால்மாட்டு வரையிலும் இரு கண்களாலும் ஒருசேரப் பார்க்கும் அமைப்பு தெரியவந்தது. இவ்வளவு கூர்மையாக நீரளக்கும் பறவை, அசையாத பொம்மையைச் சில நாள்களில் மரக்கட்டையாக மதித்து அதன் தோளிலேயே உட்கார்ந்துவிடுவதில் வியப்பில்லை.

எது வேலை செய்கிறது?

அசைவும் ஒளியும் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் வெள்ளியுமாக, 11 மில்லிமீட்டர் அகலத்தில் வரும் நாடாவைச் சற்றே முறுக்கிக் கட்டினால், காற்றில் சுழன்று வெயிலைத் தெறிக்கும். விர்ரென்ற ஒலியும் எழும். இந்த நாடா குறித்துப் புருகர்ஸ் முதலானோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் பொருளாதாரப் பறவையியல் ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டமும் பங்காளி. முற்றும் தானியத்தைப் பல பறவைகளிடமிருந்து நாடா காத்ததாக அது கூறியது. தமிழகத்து வயல்களில் பழைய ஒலிநாடாவைக் குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டும் வழக்கமும் இதே நெறியில் அமைந்ததே.

ஆனால் அந்த ஆய்வின் மையம் தானியம் தின்னும் பறவைகள். கதிரைத் தேடி வரும் குருவிக்குப் பக்கத்து வயல் உண்டு. மீன் நெரிந்த குட்டையைக் கண்ட கொக்குக்கு அவ்வளவு நல்ல மாற்றிடம் எளிதில் வாய்ப்பதில்லை. பசியும் பரிசும் பெரிதாக இருந்தால் அச்சம் சீக்கிரம் தேய்கிறது. மீன்பண்ணைகளில் பறவை விரட்டும் முறைகளை 1987-இல் தொகுத்து மதிப்பிட்ட பெல்ஜிய ஆய்வாளர் டிராலன்ஸும், அச்சுறுத்தலின் பயன் பெரும்பாலும் தற்காலிகமே என்ற முடிவுக்கு வந்தார்.

இன்னொரு இடர், வெள்ளை நிறம். கொக்குப் பொம்மையை நட்டால் மற்றக் கொக்கு தன் இடம் பறிபோனதாக எண்ணி விலகும் என்று சொல்லி அத்தகைய பொம்மைகளை விற்கிறார்கள். ஜான் கிரெப்ஸ் 1974-இல் வெளியிட்ட ஆய்வும், அமெரிக்காவின் குஷ்லான் 1977-இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நேர் எதிரானதைக் காட்டின. மேலே பறந்துபோகும் பறவைகள் கொக்கு வடிவ மாதிரிகளைக் கண்டு கீழே இறங்கின. வெண்ணிற மாதிரிகள் கூடுதலாக ஈர்த்தன. கூட்டமாக நிற்கும் வெள்ளைக் கொக்கு, அவற்றுக்கு இரை கிடைக்கும் இடத்தின் அடையாளம். ஆகவே குட்டைக் கரையில் வெள்ளைப் பிளாஸ்டிக் கொக்கை நடுவது விருந்துக்கு அழைப்பதாகவே முடியக்கூடும்.

மூன்றாவது எல்லை இரவு. வக்கா எனப்படும் இராக்கொக்கு அந்தி சாய்ந்த பின்பே இரைதேட வரும். சாம்பல் நாரையும் இரவில் மீன்பண்ணைக்கு வருவதை டிராலன்ஸும் வான் வெசெமும் 1985-இல் பதிவு செய்தனர். வெயில் இல்லாத நேரத்தில் மினுங்கும் நாடா வெறும் நாடாதான்.

எப்போது விரட்டுவது?

விரட்ட வேண்டிய காலம் உண்மையில் குறுகியது. நாற்றங்காலில் முதல் வாரம் பத்து நாள் கடந்து நாற்று வேர்பிடித்துவிட்டால், கொக்கின் மிதியால் பெரிய சேதம் இல்லை. அதன்பின் கணக்கு திரும்பிவிடுகிறது. உழவின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்குகிறது. வரப்பைத் துளைத்து நாற்றை நறுக்கும் வயல் நண்டை மடையான் தின்கிறது. தவளையையும் சேர்த்தே தின்கிறது என்பது உண்மை. அதைக் கழித்தாலும், நடவுக்குப் பிந்தைய வயலில் கொக்கை விரட்டுவதற்கு வலுவான காரணம் இல்லை.

குட்டையிலும் அப்படித்தான். அரைக் கிலோ எடையுள்ள சின்னக் கொக்கு, கால் கிலோ தாண்டிய கட்லாவையோ ரோகுவையோ விழுங்க முடியாது. விரலிப் பருவமே ஆபத்தான பருவம். நின்று வேட்டையாடும் பறவை தன் கால் எட்டும் ஆழத்துக்குள் மட்டுமே இறங்கும். கரையைச் செங்குத்தாக வெட்டி, ஓரத்திலும் முழங்காலளவுக்கு மேல் நீர் நிறுத்தினால் அதற்கு நிற்க இடமில்லை. இரவுக்கும் செல்லும் இந்தக் காப்பு, நாடாவால் கிடைக்காதது.

பறவைகளை அச்சுறுத்தாமல் வாழ்ந்த ஊர்களின் அனுபவமும் இங்கே உதவும். வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடுவதற்கு எதிராக முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியரிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூடு கட்டும் புளியமரத்தையும் ஏரிக் கருவேலத்தையும் எந்த விரட்டியும் நெருங்கக் கூடாது. வயலிலும் குட்டையிலும் மட்டுமே அதற்கு இடம் என்ற வரம்பை இவ்வூர்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றைத் தொகுத்தால் நடைமுறை தெளிவாகிறது. விதைத்த அன்றோ விரலி விட்ட அன்றோ நாடாவைக் கட்ட வேண்டும்; முன்கூட்டியே கட்டினால் பறவை பழகிவிடும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடத்தையும் உயரத்தையும் மாற்ற வேண்டும். காலையிலும் மாலையிலும் ஆள் ஒருவர் எதிர்பாராத நேரத்தில் கரையில் நடந்தால் நாடாவின் மிரட்டலுக்கு உயிர் வரும். ஆபத்தான நாள்கள் முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டி வைக்க வேண்டும். அறுந்து கிடக்கும் நாடா பறவையின் காலிலும் மாட்டும், மாட்டின் வயிற்றிலும் போகும்.

தானியப் பறவைகளுக்கான முடிவுகளைக் கொக்குக்கு அப்படியே பொருத்துவது நியாயமில்லை. கோமுகிப் பாசனத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்றங்கால்கள் இரண்டில் ஒன்றுக்கு நாடா கட்டி, மற்றதை விட்டுவைத்து, இறங்கும் பறவைகளையும் பிழைத்த நாற்றையும் ஒரு பருவம் எண்ணிப் பார்க்கலாம். செலவு குறைவு, செய்முறை எளிது. வேளாண்மைத் துறையும் மீன்வளத் துறையும் கள்ளக்குறிச்சி உழவர்களுடன் சேர்ந்து இந்தச் சோதனையை வரும் சம்பாவிலேயே தொடங்க வேண்டும்.