குமாவுன் அடுப்பில் சிர் பைன்

தாவரவியலார் மென்மரம் என்பது ஊசியிலை மரங்களைத்தான். தொட்டுப் பார்த்து இட்ட பெயரன்று அது. குமாவுன், கட்வால் மலைகளில் இவ்வகையில் பெருவாரியாக வளர்வது சிர் பைன். பிசின் நிறைந்த அதன் கட்டை சட்டெனப் பற்றிக் கொழுந்துவிடும், கரும்புகை கக்கிப் பாத்திரத்தில் கரி பூசும், தணல் நிற்காது. பாஞ்ச் எனப்படும் ஓக் கட்டையோ மெல்ல எரிந்து நெடுநேரம் கனலும். அதன் இலை கால்நடைக்குத் தீவனமும் வயலுக்கு உரமும் ஆகும். ஆகவே மலைப்பெண்கள் ஓக் விறகையே நாடினர். பைனின் பிசின் ஏறிய சிராய்கள் அடுப்பு மூட்டவும் இரவில் பந்தமாகவும் பயன்பட்டன. ஓக் காடு எட்டாத ஊர்களில் பைனையே எரித்தார்கள் என்பதும் உண்மை; விருப்பம் வேறு, கிடைப்பது வேறு.

காலனிய வனத்துறையின் கணக்கோ தலைகீழானது. அடுப்புக்கு ஆகாத அதே பிசின் டர்பன்டைனாகவும் ரோசினாகவும் வருவாய் தந்தது. கிரியோசோட் ஏற்றினால் பைன் கட்டை இரயில்பாதைக்கும் உதவியது. 1911 முதல் 1917 வரை நடந்த வன நிர்ணயத்தில் குமாவுனின் பெரும்பரப்பு ஒதுக்குக் காடாயிற்று. புதுப்புல் முளைக்கவென்று கோடைதோறும் சருகுக்குத் தீயிடும் வழக்கமும் குற்றமாயிற்று.

1921 சனவரியில் பாகேசுவரில் கட்டாய உழைப்புப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தனர். அவ்வாண்டுக் கோடையில் காடுகள் எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். ஓக் காடுகள் பெரிதும் தப்பின. இராமச்சந்திர குகா இதைத் தேர்ந்து செய்த எதிர்ப்பாக வாசிக்கிறார். இவ்வாசிப்பு வலுவானது, எனினும் அதை அப்படியே ஏற்பதில் ஒரு தயக்கம் எழுகிறது. கோடையில் பைன் ஊசிச் சருகு வெடிமருந்துபோலக் காய்ந்து கிடக்கும். ஓக் காட்டின் தரையோ ஈரப்பதம் காக்கும். தீ தானாகவே பைன் காட்டைத் தேர்ந்திருக்கக்கூடும். ஆயினும் இவ்விரு விளக்கங்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. எந்தக் காடு எளிதில் பற்றும், எதன் இழப்பு தம் அடுப்பைத் தொடாது என்ற இரண்டையும் அறிந்தவர்கள் அன்றாடம் விறகு சுமந்த பெண்களே. ஆய்வுகளோ காட்டுத் தீயைத் தேசிய இயக்கத்தின் பக்கம் சேர்த்தன, அடுப்பை வீட்டுக்குள் விட்டுவிட்டன.

அரசு அமைத்த வனக்குறை விசாரணைக் குழுவைத் தொடர்ந்து ஒதுக்குக் காட்டின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. வணிக மதிப்புள்ள பைன் காடுகள் பெரும்பாலும் வனத்துறையிடமே நின்றன.