குப்பையில் ஒரு ராஜ்ஜியம்

கணக்குப்பதிவியலில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. பி.காம். படிக்கும் எல்லோரும் அதைத் தாண்டித்தான் வந்திருப்போம். ஒரு இயந்திரத்தை வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். ஆயுள் முடிந்தபின் பழைய இரும்புக்காரர் என்ன விலை கொடுப்பாரோ அதுதான் இறுதி மதிப்பு. சில கணக்குகளில் "இறுதி மதிப்பு ஏதுமில்லை" என்று கொடுத்து நம் வேலையைச் சுலபமாக்கிவிடுவார்கள்.

எங்கள் வன்னியம்பட்டிப் பக்கம் வீடுகளில் இந்தக் கணக்கு செல்லுபடியாகாது. எண்ணெய் டின்னில் துளசி, கைப்பிடி போன வாளியில் கற்றாழை, ஓட்டைக் குடத்தில் கனகாம்பரம் என்று வாசலில் வரிசையாக நிற்கும். குடத்தில் ஓட்டை விழுந்தால் அப்பத்தாவுக்கு வருத்தமே கிடையாது. "ஓட்டை இருந்தாத்தான்டா தண்ணி வடியும், வேர் அழுகாது" என்பார். நாம் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போகும் இந்த வேலையை ஒரு மனிதர் பல ஏக்கரில் செய்து வைத்திருக்கிறார். அவர் பெயர் நேக் சந்த். இடம் சண்டிகர். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நேக் சந்த் 1924-ல் பிறந்தார். அவர் பிறந்த கிராமம் 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. அவர் குடும்பம் ஊரை விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தது. பஞ்சாப் இரண்டாகப் பிரிந்ததில் தலைநகரம் லாகூரும் அந்தப் பக்கம் போனது. இந்தியப் பஞ்சாபுக்கு ஒரு புதுத் தலைநகரம் வேண்டும். அதற்காகத்தான் சிவாலிக் மலையடிவாரத்தில் சண்டிகர் உருவானது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே. நேர்கோட்டில் சாலைகள், எண் போட்ட செக்டார்கள், எல்லாமே அளந்து வைத்த நகரம்.

ஆனால் அந்த இடம் காலி மைதானமாக இருக்கவில்லை. அங்கே கிராமங்கள் இருந்தன. புது நகரத்துக்காக அவை இடிக்கப்பட்டன. வீடுகள் போன இடத்தில் உடைந்த பானைகள், வளையல் துண்டுகள், பீங்கான் சில்லுகள், ஓடுகள் எல்லாம் குவியலாகக் கிடந்தன. 1951 முதல் பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்தின் கண்ணில் பட்டவை இவைதான். சொந்த ஊரை இழந்து வந்தவருக்கு, இன்னொருவர் ஊர் இடிந்து கிடப்பது வெறும் குப்பையாகத் தெரிந்திருக்குமா என்ன?

1950களின் கடைசியில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். அலுவலக நேரம் முடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஆற்றுப் படுகைகளில் விசித்திர வடிவக் கற்கள், இடிபாடுகளில் வீட்டுச் சாமான்கள் என்று பொறுக்கி வந்து சுக்னா ஏரிக்கு அருகே காட்டுக்குள் சேர்த்து வைத்தார். அது கட்டுமானம் எதுவும் கூடாது என்று ஒதுக்கப்பட்ட அரசு நிலம். அதாவது, அவர் செய்தது சட்டப்படி ஆக்கிரமிப்பு! மாட்டினால் வேலையே போய்விடும். அதனால் ரகசியமாக, பெரும்பாலும் இரவில், பழைய டயர்களைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். ஏறக்குறைய 18 வருடங்கள்!

அவர் செய்முறை எளிமையானது. பழைய சைக்கிள் பாகங்களும் கம்பிகளும் குழாய்களும் எலும்புக்கூடு. அதன்மேல் சிமெண்ட் பூச்சு சதை. பூச்சு காய்வதற்குள் பதிக்கும் வளையல் துண்டுகளும் கோப்பைச் சில்லுகளும் தோலும் துணியும். நடனமாடும் பெண்களின் பாவாடை முழுக்க உடைந்த கண்ணாடி வளையல்தான். பீங்கான் மின்சாதனங்களை அடுக்கி நீளமான சுவர்களே எழுப்பியிருக்கிறார். வாசல்கள் சில தாழ்வாக இருக்கும், யாராக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே மனிதர்கள், குரங்குகள், மயில்கள் என்று கூட்டம் கூட்டமாகச் சிலைகள் நிற்கும். ஒரு வேடிக்கை கேளுங்கள். சண்டிகரில் தனிமனிதர்களுக்குச் சிலை வைக்கக் கூடாது என்று கொர்புசியே எழுதி வைத்திருந்தார். அதே நகரத்தில் பெயரில்லாத சாதாரண ஜனங்களுக்கு ஆயிரக்கணக்கில் சிலை வந்துவிட்டது.

1970களில் அதிகாரிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். விதிப்படி இடித்திருக்க வேண்டும். ஆனால் செய்தி பரவி மக்கள் திரண்டு பார்க்க வந்ததால் அரசு மனம் மாறியது. 1976-ல் ராக் கார்டன் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்து, இதையே முழுநேரப் பணியாக்கினார்கள். 1983-ல் தபால்தலை, 1984-ல் பத்மஸ்ரீ. 12 ஏக்கர் அளவில் இருந்த தோட்டம் இன்று சுமார் 40 ஏக்கர்.

இதே போன்ற கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. சைமன் ரோடியா என்ற இத்தாலியத் தொழிலாளி 1921 முதல் 1954 வரை லாஸ் ஏஞ்சலீஸில் தன் வீட்டு மனையில் இரும்புக் கம்பி, சிமெண்ட், உடைந்த பாட்டில், ஓடு இவற்றால் தனி ஆளாகக் கோபுரங்கள் கட்டினார். உயரமானது கிட்டத்தட்ட 100 அடி. ஆபத்தானது, இடியுங்கள் என்றது மாநகராட்சி. 1959-ல் இயந்திரத்தால் இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை, அதனால் தப்பித்தது.

ராக் கார்டனுக்கும் புல்டோசர் வந்தது. தோட்டத்தின் ஊடே சாலை போட 1990 வாக்கில் முயற்சி நடந்தபோது, சண்டிகர் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று தடுத்தார்கள். நீதிமன்றமும் தோட்டத்தின் பக்கம் நின்றது. நேக் சந்த் 2015-ல் காலமானார். பத்தே வருடத்தில், 2025 தொடக்கத்தில், பக்கத்திலிருக்கும் உயர்நீதிமன்றத்தின் வாகன நிறுத்தத்துக்காகவும் சாலை விரிவாக்கத்துக்காகவும் ராக் கார்டன் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் கூடி எதிர்த்தார்கள். இந்த முறை சுவர் தப்பவில்லை.

இடித்த கிராமங்களின் மிச்சத்தில் எழுந்த தோட்டம் அது. அதன் சுவரும் இடிபாடாகிக் கிடந்த படங்களைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பொருளுக்கு இறுதி மதிப்பு இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்? 1950களில் அந்தப் பானைகளுக்கு ஒரு பைசா தேறாது என்றுதான் எந்தக் கணக்கரும் எழுதியிருப்பார். இன்று அவற்றைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்தக் கட்டுரைக்காகப் படித்த பிறகு நானும் முயன்று பார்த்தேன். உடைந்த டீ கோப்பைகளின் சில்லுகளை, சிமெண்டும் மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து, பழைய பெயிண்ட் டப்பா ஒன்றின் மேல் பதித்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது, ஒரு சில்லு விரலையும் பதம் பார்த்தது. அப்பத்தா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எல்லாம் சரி, அடியில ஓட்டை போட்டியா?" என்றார்.

போடவில்லை. நாளைக்கு ஆணியும் சுத்தியலும் எடுக்க வேண்டும்.