இணையத் தமிழ்

இணையத்தில் தமிழை உள்ளிடவும் அனுப்பவும் திரையில் காட்டவும் உருவான முறைகளையும், அவற்றின் துணையால் வளர்ந்த எழுத்து முயற்சிகளையும் இப்பெயர் குறிக்கும். தொடக்க காலத்தில் இதில் முன்னின்றவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் வாழ்ந்த தமிழர்கள். பொறியாளர், வேதியியலார், பள்ளி ஆசிரியர் எனப் பல துறையினர் இருந்தனர். இதையே தொழிலாகக் கொண்டவர் சிலரே.

இணையத்துக்கு முன்பே கணினித் தமிழ் தொடங்கிவிட்டது. கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்ற சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் அடுத்த ஆண்டு 'முரசு' செயலியைக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாக வழங்கினார்.

யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் தமிழர்கள் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதிக்கொண்டார்கள். ளகரத்துக்குப் பெரிய 'எல்', ணகரத்துக்குப் பெரிய 'என்', ழகரத்துக்கு 'இசட்' என்று ஒரு வழக்கு உருவாகி நிலைத்தது. பின்னாளில் வந்த ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகளில் இந்தப் பழக்கத்தின் தடத்தை இன்றும் காணலாம்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். தமிழ்ப் பகுதி உருவாகக் காரணமாக இருந்தவர் சிறுகதை எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோர் அவருடன் பணியாற்றினர். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருந்ததால், நான்கு மொழித் தொகுப்பில் அதை விட்டுவிட வழியில்லை. இதுவே முதல் தமிழ் இணையப் பக்கம் என்பது பரவலான கூற்று. தனிநபர் சிலர் அதற்கு முன்பே தமிழை இட்டிருந்தனர் என்போரும் உண்டு. கோவிந்தசாமி 'கணியன்' என்ற தமிழ் இணைய முறையையும் உருவாக்கினார். 1999இல் காலமானார்.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டில் குறியேற்றச் சிக்கல் முதன்மை பெற்றது. அன்றைய நிலையைச் சற்று விரித்துரைப்பது தேவை. எட்டு இருமக் குறியேற்றத்தில் மொத்தம் 256 இடங்களே உண்டு. முதல் 128ஐ ஆங்கில எழுத்துகளும் எண்களும் கட்டுப்பாட்டுக் குறிகளும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 128க்குள் தமிழின் 247 எழுத்துகளும் அடங்கா. எனவே கொம்பு, கால், இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனி அச்செழுத்துகளைப் போல வைத்து, கு, கூ வரிசை போன்ற உருமாறும் எழுத்துகளுக்கு மட்டும் தனியிடம் கொடுத்தார்கள். எந்த உருவை எந்த இடத்தில் வைப்பது என்பதில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சென்றனர். ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த தளத்துக்கு இன்னோர் எழுத்துரு என்று வாசகர்கள் இறக்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தனர்.

இதைத் தீர்க்க 1997 முதல் மின்மடல் வழியே நீண்ட விவாதம் நடந்தது. அதன் விளைவே 'தகுதரம்' அல்லது 'திஸ்கி'. அதில் 'தமிழ்' என்ற சொல் நான்கே பைட்டுகளில் அடங்கியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அச்சொல் முக்கால் பின்னக் குறி, மேற்கோடு இட்ட 'ஏ', அமெரிக்க செண்டுக் குறி, மேற்கோடு இட்ட 'யு' எனத் தோன்றும். அந்த நான்கு குறிகளைப் பார்த்ததுமே 'தமிழ்' என்று வாசித்துவிடும் அளவுக்குப் பழகிப்போனவர்கள் அன்று இருந்தனர்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாடு வேறு பாதையில் சென்றது. அதன் பரிந்துரைப்படி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் ஏற்றது. குறியேற்றங்கள் இரண்டும் இன்று பெரிதும் வழக்கொழிந்தன, விசைப்பலகை நிலைத்தது. உயிர்கள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்த அந்த முறையில், ககரத்தை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெறும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும் அப்படியே. தமிழின் புணர்ச்சி இயல்பை அறிந்தவர்கள் அமைத்த விசைப்பலகை என்பது இரண்டு பத்திகள் தட்டிப் பார்த்தாலே விளங்கும். திஸ்கியா, டாபா என்ற வழக்கில் தொழில்நுட்பக் காரணங்கள் எவ்வளவு, உள்நாட்டார் அயலகத்தார் பிணக்கு எவ்வளவு என்பதில் எழுதியவர்கள் வேறுபடுகின்றனர். 2000இல் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்ற பன்னாட்டு அமைப்பு தோன்றியது.

திஸ்கி, டாப் வழக்குக்கு முடிவு வெளியிலிருந்து வந்தது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியேற்றமான ஒருங்குறியின் (யூனிகோடு) 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. இந்திய அரசின் இஸ்கி தரத்தை ஒட்டி, அகரமேறிய 'க' அடிப்படை எழுத்தாகவும், 'க்' அதனுடன் புள்ளி சேர்ந்த இரண்டு குறிகளாகவும் அமைந்தன. மெய்யை அடிப்படையாகக் கொண்டு உயிரைச் சேர்க்கும் தமிழ் இலக்கண நெறிக்கு இது மாறானது என்ற குறை அன்றே எழுந்தது. அளவும் பெருகியது: திஸ்கியில் நான்கு பைட்டுகளில் அடங்கிய 'தமிழ்' ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட்டுகள் கேட்கிறது. ஆயினும் விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. எழுத்துரு தேடும் வேலை குறைந்தது. ஒரு தளத்தின் பெயர் தெரியாமலே தேடுபொறியில் தமிழில் தட்டி அதைக் கண்டடைய முடிந்தது. ஒருங்குறி வெல்லக் காரணம் இலக்கணப் பொருத்தமன்று, இந்த வசதிதான்.

மாறுதல் காலத்தில் பெரும்பயன் தந்தவை சிறு கருவிகள். 'இ-கலப்பை' இலவச உள்ளீட்டுச் செயலி. சுரதாவின் 'பொங்குதமிழ்' பக்கத்தில் பழைய குறியேற்ற உரையை ஒரு பெட்டியில் ஒட்டினால் மற்றொரு பெட்டியில் ஒருங்குறித் தமிழ் வந்து விழும். இத்தகைய மாற்றிகளுக்கு எந்த மாநாட்டுத் தீர்மானமும் இல்லை. ஆனால் பழைய எழுத்து புதிய முறைக்குக் கரையேறியது பெரும்பாலும் இவற்றின் வழியேதான்.

1998 பொங்கலன்று கல்யாணசுந்தரத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுத, மெய்ப்புப் பார்த்து இலவசமாக வெளியிட்டது. அதன் வரிசையில் முதலாவது திருக்குறள். தமிழ் இணையப் பல்கலைக்கழகம் 2001இலும், தமிழ் விக்கிப்பீடியா 2003இலும், ஈழத்து நூல்களை மின்மயமாக்கும் நூலகம் திட்டம் 2005இலும் தொடங்கின. வலைப்பதிவுத் திரட்டியான தமிழ்மணம் 2004இல் வந்தது. கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் 'செல்லினம்' 2005இல் வெளியானது.

2010இல் இரண்டு நிகழ்வுகள். தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று, 'டேஸ்16' என்ற பதினாறு இருமக் குறியேற்றத்தை மாற்றுத் தரமாக அறிவித்தது. அதே ஆண்டில், வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்துகள் தொடர்பான ஒருங்குறி முன்மொழிவுகளுக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. கிரந்தம் 2014இல் தனித் தொகுதியாக ஒருங்குறியில் சேர்ந்தது. எதிர்ப்பு தேவையானதுதானா என்பது குறித்து இன்றும் இரு கருத்துகள் உள்ளன.

2019 மார்ச்சில் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் தமிழுக்கென 51 குறிகள் கூடுதலாகச் சேர்ந்தன. முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு, மாகாணி, கால், அரை ஆகிய பின்னங்களும், நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு ஆகிய அளவைக் குறிகளும், காசு, பணம், பொன், வராகன் ஆகியவற்றின் குறிகளும் இவற்றில் அடங்கும். பழைய கணக்கேடுகளைப் படியெடுப்போர்க்கு இவை பெரிதும் பயன்படும். பொதுப் பயனர்கள் இவை இருப்பதையே பெரும்பாலும் அறியார்.

கூகுள் 2011இல் தமிழ் மொழிபெயர்ப்பையும் 2017இல் தமிழ்க் குரல் உள்ளீட்டையும் வழங்கியது. 2016க்குப் பின் இந்தியாவில் கைப்பேசித் தரவுக் கட்டணம் சரிந்து, எழுதுவதைவிடக் காண்பதும் பேசுவதும் மிகுந்தன. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் தமிழில் எழுதத் தொடங்கியுள்ளன. அவை பயிலக் கிடைப்பது ஒருங்குறியில் உள்ள தமிழ்தான். திஸ்கியிலும் டாபிலும் தனியார் எழுத்துருக்களிலும் தங்கிப்போன பக்கங்களைத் தேடுபொறிகள் தமிழாக அடையாளம் காண்பது அரிது. அத்தகைய கோப்புகளை வைத்திருப்போர் உரிய எழுத்துருக் கோப்பையும் சேர்த்துக் காத்து, மாற்றிகள் கிடைக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவைப்பது நலம்.