கொச்சி–பெங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டமும் கொங்கு நாடும்

கொச்சி–கூற்றநாடு–பெங்களூரு–மங்களூரு எரிவாயுக் குழாய்த் திட்டம் என்பது கேரளத்தின் கொச்சியில் இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவைத் தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மாநிலங்களுக்குக் கொண்டு செல்ல, இந்திய அரசு நிறுவனமான கெயில் வகுத்த திட்டமாகும். இதன் தமிழ்நாட்டுப் பகுதி ஏறத்தாழ 310 கிலோமீட்டர் நீளம் கொண்டது. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் வழியாக இப்பாதை வகுக்கப்பட்டது. விளைநிலங்களின் ஊடே குழாய் பதிப்பதை உழவர்கள் எதிர்த்ததால் இத்திட்டம் பரவலாக அறியப்பட்டது.

பின்னணி

எரிவாயு மின்நிலையத்தில், எரிவாயுவை எரித்துச் சுழலி இயக்கப்படுகிறது. வெளியேறும் வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மற்றொரு சுழலியும் இயக்கப்படுவதுண்டு. கூட்டுச் சுழற்சி எனப்படும் இம்முறை நிலக்கரி நிலையங்களைவிடத் திறன் மிக்கது, சாம்பலும் இல்லை. ஆனால் நிலக்கரியைத் தொடர்வண்டியில் கொண்டுவருவது போல எரிவாயுவைப் பெருமளவில் கொண்டுவர இயலாது, குழாய் வேண்டும். தமிழ்நாடு மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையங்களான கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகியவை எரிவாயு கிடைக்கும் காவிரிப் படுகையிலும் இராமநாதபுரம் பகுதியிலுமே அமைந்திருப்பதற்கு இதுவே காரணம். கொங்கு நாடு பைக்காரா நீர்மின்சாரம், மேட்டூர் அனல்மின் நிலையம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆகியவற்றையே நம்பியிருந்தது.

கொச்சியை அடுத்த புதுவைப்பில், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் கொள்ளளவுள்ள நீர்ம இயற்கை எரிவாயு முனையத்தை பெட்ரோநெட் நிறுவனம் 2013இல் செயல்படுத்தியது. குழாய்ப்பாதை முடியாததால் பல ஆண்டுகள் அதன் கொள்ளளவில் சிறு பங்கே பயன்பட்டது. அதே காலத்தில் கோவையின் வார்ப்படச் சாலைகளும் நூற்பாலைகளும் கடும் மின்வெட்டால் தவித்துக்கொண்டிருந்தன. ஆகவே எரிபொருள் தேவை உண்மையானதே. அதை எவர் நிலத்தின் வழியே கொண்டுவருவது என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

நிலமும் சட்டமும்

இத்திட்டத்திற்கு நிலம் விலைக்கு வாங்கப்படுவதில்லை. 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டத்தின்படி, நிலத்தின் "பயன்பாட்டு உரிமை" மட்டுமே எடுக்கப்படுகிறது. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும். குழாய் புதைத்த பின் அங்கு பயிர் செய்யலாம். ஆனால் கட்டடம் கட்டக்கூடாது, கிணறோ குளமோ வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. பயிர், மரச் சேதத்திற்கான தொகை நீங்கலாக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு இழப்பீடாகச் சட்டம் வகுத்துள்ளது.

பாதையின் அகலம் 20 மீட்டர். நூறு மீட்டர் நீளமுள்ள தோட்டத்தை அது கடந்து சென்றால் ஏறத்தாழ 50 சென்ட், அதாவது அரை ஏக்கர், இக்கட்டுப்பாட்டுக்குள் வரும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது கால் பங்கு. கொங்கு வேளாண்மை பெரிதும் கிணற்றையும் தென்னையையும் சார்ந்தது என்பதை நினைவிற்கொண்டால், கிணறும் மரமும் கூடாது என்னும் விதி இங்கு ஏன் இவ்வளவு கசந்தது என்பது விளங்கும். பத்து விழுக்காடு என்ற அளவும், நிலம் கைவிட்டுப் போகவில்லை என்ற கணக்கில் அமைந்ததே; விற்கப் போனால் அந்நிலம் என்ன விலைக்குப் போகும் என்பதை அது கருதவில்லை.

போராட்டமும் வழக்குகளும்

2013 தொடக்கத்தில் எதிர்ப்பு வலுத்தது. மார்ச்சு மாதத்தில் கோவையில் உழவர்களிடம் அரசு கருத்துக் கேட்டது. அதன்பின் முதலமைச்சர் ஜெயலலிதா, விளைநிலங்களைத் தவிர்த்து நெடுஞ்சாலை ஓரமாகக் குழாய் பதிக்கவேண்டும் எனச் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஏப்ரலில் அரசு ஆணை வெளியிடப்பட்டது. கெயில் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. இச்சட்டத்தின் கீழ் அதிகாரம் நடுவணரசுக்கே உரியது, மாநில அரசு பாதையை மாற்றச் சொல்ல இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

2014 சூனில் ஆந்திரத்தின் நகரம் என்னும் ஊரில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதுவரை பெரிதும் இழப்பீட்டைச் சுற்றி இருந்த பேச்சில் உயிரச்சமும் சேர்ந்துகொண்டது. 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சட்டப் போர் முடிந்தாலும் வயல்களில் எதிர்ப்பு ஓயவில்லை. 2022இல் தருமபுரி மாவட்டத்தில் குழாய் பதிப்பை எதிர்த்த உழவர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார்.

பிற்கால நிலை

கேரளத்திலும் எதிர்ப்பு இருந்தபோதிலும், கொச்சி–மங்களூரு இடையேயான 450 கிலோமீட்டர் பாதை நிறைவுற்று 2021 சனவரி 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கோவை, சேலம் மாவட்டங்களில் வீடுகளுக்கும் வாகனங்களுக்கும் எரிவாயு வழங்கும் உரிமை 2018இல் இந்தியன் ஆயில் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது.

கோவை இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குப் பாரத் பெட்ரோலியம் வகுத்த எண்ணெய்க் குழாய்த் திட்டத்திலும் இதே கோரிக்கை எழுந்தது: குழாயைச் சாலையோரமாகக் கொண்டு செல்லுங்கள் என்பது.