அஞ்சு அடி ஏழு இன்ச்: நம்ம உயரத்தை நமக்குச் சொன்னது யாரு?

இன்னிக்கு எபிசோட் ஒரு டீக்கடையில ஆரம்பிக்குது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல இருக்கற வன்னியம்பட்டி விலக்கு. என் அத்தை பையன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான், கையில சர்டிபிகேட் ஃபைல். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணியிருந்தான். ரெண்டு வருஷமா விடியக்காலையில எந்திரிச்சு 1,500 மீட்டர் ஓடிப் பழகினவன். ஆனா அன்னிக்கு அவனை ஓடவே விடலை. உயரம் அளந்ததும் வெளியே அனுப்பிட்டாங்க.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுல பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167. இவன் பத்தாவது படிக்கும்போதிருந்தே தன்னை 'அஞ்சு ஏழு'ன்னுதான் சொல்லிட்டிருந்தான். அஞ்சு அடி ஏழு இன்ச்னா 170.18 செ.மீ. கணக்குப்படி பாஸ். அளவுகோல் காட்டினது 168.5.

"மெஷின் தப்பு மாப்ள"ன்னான். நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையில எங்க வீட்டுச் சுவர்ல ஒட்டி நிக்க வச்சு அளந்தோம். 169. காலையில எல்லாருமே கொஞ்சம் உயரமா இருப்போம். நாள் முழுக்க நின்னு நடந்து முதுகுத்தண்டு அமுங்கறதால, சாயங்காலத்துக்குள்ள சுமார் ஒரு சென்டிமீட்டர் குறையும். அந்த ஒரு சென்டிமீட்டரைச் சேர்த்துக்கிட்டாலும் 170 வரலை.

அவன் பொய் சொல்லலைங்க. யாரோ எப்பவோ ஒரு குத்துமதிப்புல சொன்னதை அஞ்சாறு வருஷமா நம்பிட்டிருந்தான். நம்மள்ல எத்தனை பேரு அப்படி நம்பிட்டிருக்கோம்? அதுதான் இன்னிக்கு விஷயம்.

இதே உயரக் கணக்கு தலைகீழா நடந்த ஒரு கதை இருக்கு. 19-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். அங்கே கட்டாய ராணுவச் சேவை. 157 செ.மீ.க்குக் கீழே இருந்தா ராணுவத்துக்குப் போக வேண்டாம். அடால்ஃப் கெட்லேன்னு ஒரு பெல்ஜியக்காரர், வானியலாளர், புள்ளியியலாளர். ஒரு லட்சம் பேரோட உயரக் கணக்கை எடுத்துப் பார்த்தார். பெரிய கூட்டத்தோட உயரத்தை வரைஞ்சா நடுவுல மேடா, ரெண்டு பக்கமும் சீராச் சரியற மணி மாதிரி வரணும். இந்தக் கணக்குல அப்படி வரலை. 157-க்குக் கொஞ்சம் கீழே ஆட்கள் குவிஞ்சு கிடந்தாங்க. கொஞ்சம் மேலே இருக்க வேண்டியவங்களைக் காணோம். சுமார் 2,000 பேர் எப்படியோ தங்களைக் குட்டையாக் காட்டித் தப்பிச்சிருக்காங்கன்னு அவர் முடிவு பண்ணினார். 1846-ல புத்தகமாவே எழுதினார்.

அங்கே வேலைக்குப் போகாம இருக்கக் குட்டையானாங்க. இங்கே வேலை கிடைக்க உயரமாகணும். ஏன் கேக்கறாங்கங்கறதைப் பொறுத்து நம்பர் வளையுது. மேட்ரிமோனி புரொஃபைல்ல ஒரு உயரம், டாக்டர்கிட்ட ஒரு எடை, ஜிம் ஃபார்ம்ல இன்னொரு எடை. நமக்கே தெரியும்.

சுவாரசியம் என்னன்னா, நம்ம ஃபோன் ஆப் எல்லாத்துலயும் இருக்கற பிஎம்ஐ கணக்கும் இதே கெட்லேயோடதுதான். எடையை உயரத்தோட வர்க்கத்தால வகுக்கற முறையை 1832-லயே அவர் சொல்லிட்டார். 1972-ல ஆன்செல் கீஸ் குழு அதுக்கு உடல் நிறைக் குறியீடுன்னு பேர் வச்சது. அதுக்கப்புறம் உலகம் முழுக்கப் பரவுச்சு.

சரி, ஜனங்க சொல்ற உயரமும் எடையும் எவ்வளவு உண்மை? அமெரிக்காவுல 1976-லிருந்து 1980 வரைக்கும் நடந்த தேசிய உடல்நல ஆய்வுல, ஆட்கள்கிட்ட முதல்ல கேட்டாங்க, அப்புறம் அளந்தாங்க. 20 முதல் 74 வயசு வரைக்கும் 11,284 பேர். அந்தக் கணக்கை மைக்கேல் ரோலண்ட் 1990-ல வெளியிட்டார். சராசரியாப் பார்த்தா தப்பு சின்னதுதான். ஆனா எடை கூடக் கூட, குறைச்சுச் சொல்றதும் கூடிக்கிட்டே போச்சு. அதாவது, யாரோட நம்பர் டாக்டருக்கு ரொம்ப முக்கியமோ, அவங்க நம்பர்தான் ரொம்பத் தப்பு.

இப்போ என் கதை. அத்தை பையனை அளந்த அதே சுவர்ல நானும் நின்னேன். நான் எப்பவும் சொல்றது அஞ்சு எட்டு, 68 கிலோ. சுவர் சொன்னது அஞ்சு ஆறு. மெடிக்கல் கடை மெஷின் சொன்னது 71 கிலோ. ரெண்டு இன்ச், மூணு கிலோ, அவ்வளவுதானேன்னு தோணும். கணக்கைப் போடுங்க. நான் சொன்ன நம்பர்ல பிஎம்ஐ 22.8. அளந்த நம்பர்ல 25.3. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடை, 25-ஐத் தாண்டினா உடல் பருமன்னு 2009-ல இந்திய மருத்துவ நிபுணர்கள் வகுத்த அளவு. நான் இத்தனை வருஷம் 'நார்மல்' கட்டத்துல டிக் போட்டுட்டு, நிஜத்துல ரெண்டு கோட்டையும் தாண்டி நின்னிருக்கேன். எங்க அப்பாவுக்குச் சுகர் இருக்கு. சுகர் டெஸ்ட்டுக்குப் போகவே எனக்குத் தோணினதில்லை, ஏன்னா நான்தான் 'நார்மல்' ஆச்சே.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு. 1956-லயே மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தாச்சு. துணியை மீட்டர்ல வாங்கறோம், ஆளை மட்டும் இன்னும் அடியிலயே சொல்றோம். அஞ்சு அடி பத்து இன்ச்சை 5.10-னு எழுதுவோம். அதை அப்படியே கால்குலேட்டர்ல தட்டினா 5.1 அடி, அதாவது அஞ்சு அடி ஒரு இன்ச்! பொய்யே சொல்லாம ஒன்பது இன்ச் காணாமப் போயிடும்.

இதனாலதான் தேசியக் குடும்பநல ஆய்வுல யாரையும் கேட்டு எழுதறதில்லை. 1998-99-ல இருந்து பெண்களையும், 2005-06-ல இருந்து ஆண்களையும் வீட்டுக்கே வந்து நிக்க வச்சு அளக்கறாங்க. 2019-21 ஆய்வுல தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம், ஆண்கள்ல 37 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதுக்கு மேல. வாயால கேட்டிருந்தா இந்த நம்பர் இதைவிடக் குறைவாத்தான் வந்திருக்கும். அந்த நம்பரை நம்பித்தான் அரசாங்கம் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கணக்குப் போடும்.

அதனால இன்னிக்கு ஒரு வேலை பண்ணுங்க. செருப்பைக் கழட்டுங்க. குதிகால், முதுகு, பின்தலை சுவர்ல படட்டும். பார்வை நேரா இருக்கட்டும். தலைமேல ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சுவரோட சரியாப் பொருத்தச் சொல்லி, பென்சில்ல கோடு போடச் சொல்லுங்க. டேப்பை வச்சு சென்டிமீட்டர்ல எழுதிக்கோங்க. வீட்ல யாராவது போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகறாங்கன்னா, ரெண்டு வருஷம் ஓடறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு நிமிஷ வேலையைப் பண்ணச் சொல்லுங்க.

என் அத்தை பையன் இப்போ உயரம் கேக்காத தேர்வுகளுக்குப் படிக்கிறான். விடியக்காலை ஓட்டத்தை விடலை. நானும் கூடவே ஓடறேன், 71 கிலோவோட.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.