பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூத்துப் படங்கள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பாதையில், கண்ணமங்கலத்துக்கு முன்னதாக, ஜவ்வாது மலைத் தொடரின் வடக்கு அடிவாரத்தை ஒட்டி அமைந்திருக்கும் கணியம்பாடியையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் தன்னுள் அடக்கியிருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லா, 1989-ஆம் ஆண்டில் நிர்வாக வசதிக்காக இரண்டாகப் பிரிக்கப்பட்டதென்றாலும், தெருக்கூத்தைப் பொறுத்தவரையில் இன்றும் ஒரே தேசந்தான். பங்குனியில் தொடங்கி ஆடி வரையில், திரௌபதியம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும் இரவெல்லாம் கூத்தும் நடைபெறுகிற அந்த மாதங்களில்தான் இப்பிரதேசத்தின் உஷ்ணமும் உச்சத்தை அடைகிறது. சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடும் வேலூர் வெயிலை உள்வாங்கிய மண், நள்ளிரவிலும் அதை முழுவதும் விட்டுக்கொடுப்பதில்லை. பின்புறம் ஒரு பெஞ்சுப் பலகை, அதில் மத்தளக்காரரும் ஹார்மோனியக்காரரும் தாளமும் முகவீணையும். முன்னால் நாலு பாய் விரிக்கும் அளவு ஆடுகளம். அதன் மூன்று பக்கமும் குழந்தைகளும் கிழவிகளுமாக, ஆடுகிறவரின் காற்சலங்கை முழங்காலில் உரசும் நெருக்கத்தில் ஜனங்கள். இந்த இருட்டிலும் புழுக்கத்திலும் நெரிசலிலும் புகைப்படக் கருவி எப்படி நுழைந்தது, நுழைந்து எதைக் கண்டது என்பது எழுதத் தகுந்த ஒரு சிறு சரித்திரம்.

சென்னையில் புகைப்படக் கலை காலதாமதமாக வந்து சேர்ந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஓவியப் பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1856-லேயே மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உண்டாகிவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி, சர்க்கார் உத்தியோகமாகவே மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் பிடித்துவிட்டார். ஆனால் கல் அசையாது, கட்டியங்காரன் அசைவான். பல விநாடிகள் திறந்து வைத்தாலன்றி உருவம் பதியாத அக்காலத்துக் கருவிக்கு, நம் ஊர் வெயிலில் கொலோடியன் தடவிய கண்ணாடித் தகடு ஈரம் உலர்ந்து கெட்டுப்போவதே பெரிய தொல்லையாக இருக்கையில், நடுநிசியில் தீவட்டி ஒளியில் சுழன்றாடும் துரியோதனனைப் பற்றி அது கனவிலும் நினைத்திருக்க முடியாது. ஆகையினால் வேஷம் கட்டியவர்கள் பகலில் ஸ்டூடியோவுக்கு அழைத்து வரப்பட்டு, மாளிகைத் தூண்கள் எழுதிய திரைக்கு முன்னால் கதாயுதத்துடன் நிறுத்தப்பட்டார்கள். அப்படங்களில் கிரீடம் தெரிகிறது, புஜகீர்த்தி தெரிகிறது, கூத்து மட்டும் இல்லை.

சிவப்பு என்ற நிறமும் அந்நாளில் பகையாகவே இருந்தது. ஆங்கார வேஷத்துக்கென்று முகம் நிறையச் செந்நிறம் பூசிக்கொள்வது நம் கூத்தர் மரபு; தீவட்டியின் மஞ்சள் ஒளியில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டுமென்பதற்காகவே அத்தனை அழுத்தமான வர்ணம். அக்காலத்துத் தகடுகளோ சிவப்பைச் சற்றும் அறியாதவை. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் படலம் 1906-ல் விற்பனைக்கு வந்து, பிந்திய இருபது முப்பது ஆண்டுகளில் பரவும் வரையில், கிராமத்தார் கண்டு நடுங்கிய செம்முகத்து அரசன் படத்தில் கரிபூசியவனாகவே வெளிப்பட்டிருப்பான்.

1887-ல் ஜெர்மானியர்களான மீதேயும் கேடிக்கேயும் மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேட்டுடன் கலந்து ஒரு வெடி மருந்தைக் கண்டுபிடித்தபோது, இரவு தோற்றுவிட்டதென்று உலகெங்கும் புகைப்படக்காரர்கள் மகிழ்ந்தார்கள். அது வெளிச்சத்துடன் புகையையும் நெருப்புப் பொறியையும் தரும் வஸ்து. கீற்றுப் பந்தலுக்கு அருகில் அதைக் கொளுத்தத் துணிகிறவனை ஊரார் என்ன செய்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகிக்கலாம். 1929-ல் தோன்றிய பிளாஷ் பல்பு அந்த அபாயத்தை நீக்கியது. ஒரு பல்புக்கு ஒரு படம், பிறகு சூடு ஆறுமட்டும் தொட முடியாத கண்ணாடிக் குப்பை. ஆயினும் கூத்தருடைய அணிகலன்களில், கனமற்ற மரத்தைச் செதுக்கி ஜிகினாத் தாளுடன் சின்னஞ்சிறு கண்ணாடிச் சில்லுகளையும் பதித்திருப்பார்களே, அவை ஒவ்வொன்றும் அந்த மின்வெட்டை வந்த வழியே திருப்பியனுப்ப, மார்பிலும் தோளிலும் வெள்ளைத் திட்டுகளாகப் படம் பாழ்படும். தவிர, பிளாஷ் வெளிச்சம் முகத்தில் நேராக மோதி, நிழலையெல்லாம் துடைத்துவிடுகிறது. அப்படி எடுத்த படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரியும், இராத்திரி ஒன்றைத் தவிர.

கூத்துக்கு உண்மையான உபகாரம் செய்தது வேறொரு ஜெர்மன் சரக்கு. பெர்லினில் 1910 வாக்கில் உருவாகி, கல்யாண ஊர்வலங்கள் வழியாக நம் கிராமங்களின் அன்றாட வாழ்வுக்குள் புகுந்துவிட்ட பெட்ரோமாக்ஸ் விளக்கைத்தான் சொல்கிறேன். ஆடுகளத்தின் இரு புறமும் கம்பத்தில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே அது தொங்கும்போது, கிரீடத்தின் விளிம்புக்குக் கீழே புகுந்து கண்களைத் தொடுகிறது. கன்னத்தின் ஒரு பாதியை ஒளியிலும் மறு பாதியை இருளிலும் நிறுத்துகிறது. 1925-ல் வந்த லைக்காவைப் போன்ற கைக்கருவியும், 1954-ல் முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளாக வெளிவந்த கோடக்கின் டிரை-எக்ஸ் படலமும் சேர்ந்தபோது, இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளின் ஒளியே முப்பதில் ஒரு விநாடிக்குப் போதுமென்றாயிற்று. முப்பதில் ஒரு விநாடி சுழல்கிறவனுக்குப் போதாது. ஆனால் கூத்தில் ஆட்டம் இடைவிடாத ஓட்டமன்று. அடவு முடிகிற இடத்தில் மத்தளம் தீர்மானம் வைக்கிறது, ஆடுகிறவர் ஒரு கணம் கால் ஊன்றி நிற்கிறார். அந்தக் கணத்துக்காக விரலைத் தயாராக வைத்திருப்பவன், கண்ணைக் காட்டிலும் காதை நம்பினவனாக இருக்க வேண்டும். இருவர் பிடித்திருக்கும் வெள்ளைத் திரைக்கு மேல் கிரீடமும் கீழே சலங்கைக் காலுமாக நின்று பாடி, திரை விலகியதும் வேஷக்காரர் சபையை ஒரு முறை சுற்றி நோக்கும் வேளையும் அத்தகையதே.

நியூயார்க்கில் பவரி தெருவில், 1973 டிசம்பரில் ஹில்லி கிரிஸ்டல் என்பவர் திறந்த ஸீபீஜீபீ என்னும் குறுகலான மதுக்கூடத்தில் பங்க் இசை பிறந்தபோதும் இதே பிரச்னைதான் எழுந்தது என்பது வேடிக்கையான ஒற்றுமை. குடலைப் போல் நீண்ட இருட்டு அறை, மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே வியர்வையைத் தவிர வேறு தடுப்பில்லை. 1976 முதல் அங்கே படமெடுத்த காட்லிஸ், பாரிஸ் நகரத்து இரவுகளைப் பதிவு செய்த பிராசாயைக் குருவாகக் கொண்டு, பிளாஷை அறவே ஒதுக்கி, மெதுவான ஷட்டரில் இருக்கிற வெளிச்சத்தையே நம்பினார். 1979 செப்டம்பரில் பல்லேடியம் அரங்கில் கிளாஷ் குழுவின் பால் சிமோனன் தம் கிட்டாரைத் தரையில் அறைந்தபோது பென்னி ஸ்மித் எடுத்த படம் போகஸ் தவறியது. அவரே வேண்டாமென்று மறுத்தும் அதுவே ‘லண்டன் காலிங்’ இசைத்தட்டின் முகப்பாயிற்று. பங்க் இசையில் தீர்மானம் வைக்க மத்தளமில்லை. ஆகவே கலங்கலையே அழகாகக் கொள்ள அவர்கள் பழகிக்கொண்டார்கள். நம்மவர்கள் கலங்கிய படத்தைக் கிழித்தெறிந்தது அவசரமென்பதே என் அபிப்பிராயம்.

எடுத்த சுருளைக் கழுவுவது தனிப் பிரயாசை. இருபது டிகிரிக்கென்று கணக்கிட்ட டெவலப்பர், கோடையில் நம் தொட்டித் தண்ணீரில் முப்பதைத் தாண்டி நிற்கும். ஜெலட்டின் இளகி, விரல் பட்டால் வழன்று வரும். ஐஸ் கட்டி வாங்கித் தட்டைச் சுற்றி அடுக்குவதும், குரோம் படிகாரம் சேர்த்துப் படலத்தை இறுகச் செய்வதும், விடியுமுன் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே வேலையை முடிப்பதும் உஷ்ணப் பிரதேசத்து இருட்டறைகள் கைக்கொண்ட உபாயங்கள். 1960-ல் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவப்பட்டு, 1967 முதல் ‘இந்து’ படச்சுருள் கிடைக்கலானபின், அயல்நாட்டுச் சரக்குக்குக் காத்திருந்த நிலை ஓரளவு மாறியது.

1977-ல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்த ந. முத்துசாமி, புரிசை கிராமத்துத் தம்பிரான் குடும்பத்தாரின் கூத்தைப் பட்டணத்தாரின் கவனத்துக்குக் கொண்டுவந்த பின்னர், ஆராய்ச்சியாளரும் காமிராவும் கிராமங்களைத் தேடி வருவது அதிகமாயிற்று. துரதிர்ஷ்டவசமாக, அவர்கள் வந்த காலத்தில் பெட்ரோமாக்ஸ் விடைபெற்றுக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கட்டிய டியூப் லைட், கிரீடத்தின் நிழலைக் கண்ணில் இறக்கியதோடு, கலர் பிலிமில் எல்லா முகத்துக்கும் ஒரு பச்சைச் சாயலையும் ஏற்றியது. இன்றோ இருட்டு ஒரு தடையே அல்ல. கைப்பேசியே விடிய விடியப் படமெடுத்து உலகுக்கு அனுப்பிவிடுகிறது. ஆனால் ஊதாவும் நீலமுமாக நொடிக்கொரு தரம் மாறும் எல்.ஈ.டி. விளக்குகளை விழாக் குழுவினர் விரும்பி வாடகைக்கு எடுப்பதால், செம்முகத்துத் துரியோதனன் என்ன நிறத்தில் பதிவாவான் என்பது, வேஷம் போட்ட கூத்தர் கையிலுமில்லை, படமெடுப்பவர் கையிலுமில்லை. விளக்குப் பெட்டிக்காரர் தீர்மானிக்கிற விஷயமாகிவிட்டது.